நாற்பத்திநாலா, ஐம்பத்தேழா

“எது கைக்கு வருதோ அதைக் கொடு, ட்ரூடி. எதுன்னாலும் சரிதான்.”

ஆரின் ஸ்கார் இப்படிச் சொன்னதும் எங்கள் தீவனக் கடையில் காப்பி குடித்துக்கொண்டிருந்த நாலைந்து பேரும் பேச்சை நிறுத்திவிட்டார்கள். வெளியே காற்று கூரைத் தகரத்தைத் தட்டுவது கேட்டது. என் புருஷன் லைல் கல்லாவுக்குப் பின்னால் நின்றபடி என்னைப் பார்த்தான். நான் தீவன மூட்டைகளைப் பார்த்தேன்.

அவன் கேட்டது ரிவால்வர். அவனுடைய இரண்டு ரிவால்வர்களும் எங்கள் கடையின் இரும்புப் பெட்டியில் இருந்தன. ஒன்று .44 மேக்னம், மற்றது .357 மேக்னம். இவ்வளவு நீட்டி யாரும் சொல்ல மாட்டோம். நாற்பத்திநாலு, ஐம்பத்தேழு என்றால் எங்கள் வில்லோ கூலி ஊரில் பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் விளங்கும். எங்கள் ஊரில் ஒருவனிடம் யாருக்கு ஓட்டுப் போட்டாய், எந்தச் சபைக்குப் போகிறாய் என்றெல்லாம் கேட்பது மரியாதை இல்லை. நாற்பத்திநாலா ஐம்பத்தேழா என்று தாராளமாகக் கேட்கலாம். கேட்டால் அன்றைய பொழுது போய்விடும். அதிலும் ஆரின் ஊரறிந்த நாற்பத்திநாலுக்காரன். அவன் வாயிலிருந்து ‘எதுன்னாலும் சரி’ என்று வந்து நான் கேட்டதே இல்லை.

நானும் ஆரினும் ஒரே வகுப்பில் படித்தவர்கள். மலையடிவாரத்தில் ஓடைக்கரையை ஒட்டி அவன் அப்பா விட்டுப்போன மாட்டுப் பண்ணை இருக்கிறது. நெட்டையான ஆள். பேச ஆள் கிடைத்தால் வேலிக்கம்பத்தில் சாய்ந்துகொள்வான், மாடு கத்தினாலும் அசைய மாட்டான். வைக்கோலை உருளையாகக் கட்டுவதா சதுரமாகக் கட்டுவதா, மழை வடக்கிலிருந்து வருமா மேற்கிலிருந்து வருமா, எதற்கும் அவனிடம் ஒரு கட்சி உண்டு. நீங்கள் ஒத்துக்கொண்டால் அவனுக்கு முகம் வாடிவிடும். அப்புறம் யாரோடு பேசுவது?

அவனுக்கென்று பிறந்தவள் நாடீன். பக்கத்து ஊர்க்காரி, பள்ளிப் பேருந்து ஓட்ட வந்தவள். ஜூலை நாலாம் தேதி விருந்தில் ஓடைக்கரையில் பீன்ஸ் டப்பாக்களை வேலிமேல் வரிசையாக வைத்துச் சுடுவது எங்கள் வழக்கம். அவள் வந்த வருஷம் ஆரின் புதிதாக வாங்கிய நாற்பத்திநாலோடு வந்தான். சுட்டான். பக்கத்துப் பண்ணை நாய்கூட மேசைக்கு அடியில் புகுந்துகொண்டது. ஒரு டப்பா துண்டு துண்டாகப் பறந்தது. எல்லாரும் கைதட்டினோம். அவன் கை இன்னும் வானத்தைக் காட்டிக்கொண்டிருந்தது, அவ்வளவு உதை அந்தத் துப்பாக்கிக்கு. அதற்குள் பக்கத்தில் நின்ற நாடீன் தன் ஐம்பத்தேழை எடுத்து மீதி டப்பாக்களை ஒவ்வொன்றாகத் தட்டிவிட்டாள்.

“ஏன்யா, கையைக் கீழ இறக்க ஆள் விடணுமா?” என்று கேட்டாள்.

“கரடி என்ன பீன்ஸ் டப்பாவா? உன் கொசுவெல்லாம் அதோட தோலைத் தாண்டாது” என்றான் ஆரின்.

“முதல் குண்டை எந்தக் கூமுட்டையும் சுட்டுருவான். அதுக்கும் கரடி நிக்கலைன்னா? உனக்கு ரெண்டாவது சுட நேரமிருக்காது. எனக்கு இருக்கும்.”

அடுத்த வசந்தத்தில் கல்யாணம் செய்துகொண்டார்கள். சண்டை மட்டும் தீரவில்லை. நாற்பத்திநாலின் குண்டு கனம், கரடியின் தோளெலும்பை உடைத்துக்கொண்டு போகும் என்பது அவன் கட்சி. ஓடி வருகிற கரடி ஒரு குண்டுக்கு நிற்கும் என்று நம்பி உட்காராதே, இரண்டாவதைச் சட்டென்று குறிபார்த்துச் சுட முடிகிற துப்பாக்கிதான் துப்பாக்கி என்பது அவள் கட்சி. முப்பது வருஷம் எங்கள் கடையில் அடுப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்து இதையே பேசினார்கள். பிள்ளைகள் இல்லை. எங்களுக்கெல்லாம் அது பொழுதுபோக்கு. யாராவது புதிதாக ஊருக்கு வந்தால், லைல் வேண்டுமென்றே, “ஆமா ஆரின், கரடிக்கு எது நல்லது?” என்று கிள்ளிவிடுவான்.

போன நவம்பரில் நாடீன் போய்ச் சேர்ந்தாள். வயிற்றில் கட்டி. கண்டுபிடித்ததற்கும் அடக்கம் செய்ததற்கும் நடுவில் ஒரு கோடைதான் இருந்தது. அவள் எனக்கும் சிநேகிதி. அடக்கத்தன்று எனக்கு அழுகை வரவில்லை. தரை உறைந்து கல்லாகக் கிடந்ததால் குழி வெட்ட இயந்திரம் கொண்டுவந்தார்கள், அதன் சத்தத்தில் போதகர் சொன்னது எதுவும் காதில் விழவில்லை. எனக்குக் கால் விரல்கள் மரத்துப்போயிருந்தன, அதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். ஆரினும் அழவில்லை. எல்லாருக்கும் கை கொடுத்தான். வந்ததற்கு நன்றி என்றான். என்னிடமும், யாரோ தூரத்து ஆளிடம் சொல்வதுபோல, வந்ததற்கு நன்றி என்றான்.

எங்கள் பக்கம் சாவு விழுந்த வீட்டுக்குச் செய்ய வேண்டியது எல்லாருக்கும் தெரியும். பெண்கள் உருளைக்கிழங்கும் மாட்டிறைச்சியும் சீஸும் போட்டு வேகவைத்து, பாத்திரத்தின் அடியில் பெயர் ஒட்டிக் கொண்டுபோவார்கள். ஆண்கள் மாட்டுக்குத் தீவனம் போடுவார்கள். இன்னொன்றும் உண்டு. அதை யாரும் வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள். பெண்டாட்டி போய் ஒருவன் தனியாகிவிட்டால், நெருங்கினவன் ஒருத்தன் அவன் வீட்டுத் துப்பாக்கிகளைத் ‘துடைத்துத் தருகிறேன்’ என்று எடுத்துக்கொண்டு போய்விடுவான். எங்கள் மாவட்டத்தில் குளிர்காலம் நீளம். பண்ணை வீடுகள் ஒன்றுக்கொன்று தூரம். வசந்தம் வருவதற்குள் தன் கையாலேயே போய்ச் சேர்ந்தவர்களை நாங்கள் புதைத்திருக்கிறோம். அதனால் வந்த வழக்கம் இது. துடைத்து எண்ணெய் போட எவ்வளவு நாள் ஆகும் என்று இருதரப்புக்கும் தெரியும். யாரும் கேட்பதில்லை.

அடக்கத்தன்று மத்தியானம் லைல் ஆரின் வீட்டுக் கூடத்தில் நின்று தொப்பியைக் கையில் சுற்றினான்.

“குளிர் ஏறுது, ஆரின். இரும்பெல்லாம் துருப்பிடிச்சிரும். எடுத்துட்டுப் போய் ஒரு தடவை துடைச்சு வைக்கிறேனே.”

ஆரின் துப்பாக்கி அலமாரியின் சாவியைக் கொடுத்தான். ரைஃபிள்கள், ஷாட்கன், நாற்பத்திநாலு எல்லாவற்றையும் லைல் கம்பளியில் சுற்றி வண்டியில் ஏற்றினான். வாசல்வரை வந்த ஆரின், “மாவு டப்பாவுக்குப் பின்னால அவளோடது ஒண்ணு இருக்கு. அதையும் எடுத்துக்க” என்றான். நான்தான் போய் எடுத்து வந்தேன். உறையெல்லாம் மாவு ஒட்டியிருந்தது. அதைத் தட்டிவிட எனக்கு மனசு வரவில்லை.

குளிர்காலம் முழுவதும் ஆரின் செய்ய வேண்டியதைச் செய்தான். பனியைத் தள்ளினான், மாட்டுக்கு வைக்கோல் போட்டான், பாத்திரங்களைக் கழுவி அவரவர் வீட்டில் கொண்டுபோய்க் கொடுத்தான். சாப்பிட்டானா என்று தெரியாது, பெல்ட்டில் புதுத் துளை போட்டிருந்தான். ஞாயிறன்று என் வீட்டுக்குக் கூப்பிட்டால் வருவான். தட்டில் வைத்ததைத் தின்பான். எங்கள் கடைக்குக் காப்பி குடிக்க வருகிற வெர்ன் ஸ்டக்கி வேண்டுமென்றே அபத்தமாக எதையாவது சொல்லிப் பார்ப்பான். “ஆரின், இந்த வருஷம் பனி குறைச்சல்தான், இல்ல?” வேலி உயரத்துக்குப் பனி நின்றது. ஆரின், “இருக்கும்” என்றான். வெர்ன் என்னைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினான்.

மார்ச்சில் மாடுகள் கன்று போட ஆரம்பித்தன. அந்த வாசனைக்குக் கரடிகளும் குகையை விட்டு இறங்கும். முன்பெல்லாம் மலையோடு நின்றுகொண்டன, இப்போது கிரிஸ்லி என்கிற பெரிய பழுப்புக் கரடிக்குச் சமவெளியும் சொந்தம். மாட்டுக்குள் கையை விட்டுக் கன்றை இழுக்கிறவன் ரைஃபிளைப் பிடித்துக்கொண்டிருக்க முடியாது. அதற்குத்தான் மார்பில் கட்டிக்கொள்கிற தோல் உறையும் ரிவால்வரும். மிளகாய் ஸ்ப்ரே எல்லாரிடமும் இருக்கிறது. நல்ல சாமான்தான், பல பேரைக் காப்பாற்றியிருக்கிறது. ஆனால் எங்கள் ஊர்க் காற்று எப்போதும் நம் முகத்தைப் பார்த்துத்தான் அடிக்கும்.

ஆக, ஆரின் ரிவால்வர் கேட்டு வந்ததில் தப்பு இல்லை. தேவை நிஜம். எதுவானாலும் சரி என்றதுதான் என்னைப் பயமுறுத்தியது. கரடிக்காகக் கேட்கிற மனுஷன், அதுவும் ஆரின், எதுவானாலும் சரி என்பானா?

லைல் இரண்டு கையையும் கல்லாமேல் வைத்தான். “இன்னும் துடைச்சு முடியலப்பா.”

“ஓ” என்றான் ஆரின்.

உடனே காப்பிக் கோஷ்டி பாய்ந்து வந்தது. பாவம், அவர்களுக்குத் தெரிந்த ஒரே ஆறுதல் அதுதான். ஒருவன் நாற்பத்திநாலைப் புகழ்ந்தான். வெர்ன் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, “நான் சொல்றேன் கேளு. நாப்பத்திநாலெல்லாம் சும்மா சத்தம். நாடீன் சொன்னதுதான் சரி. அம்பத்தேழு போதும்” என்றான். அவன் ஜென்மத்தில் ஐம்பத்தேழைத் தொட்டதில்லை. ஆரினைச் சீண்டத்தான் சொன்னான். முந்தின வருஷமாக இருந்திருந்தால் ஆரின் அவனை அடுப்போரமாக ஒதுக்கி வைத்து மத்தியானம்வரை விட்டிருக்க மாட்டான்.

ஆரின், “சரி” என்றான். மாட்டுக்கு உப்புக்கட்டி ஒரு மூட்டை வாங்கிக்கொண்டு போய்விட்டான்.

அன்று கடையைச் சாத்தும்போது லைலுக்கும் எனக்கும் சண்டை.

“கரடி அவனைக் கிழிச்சுப் போட்டா நீயா பதில் சொல்லுவே?” என்றான் லைல். “அவன் பொருளு. அவன் கேக்கறான். நான் எத்தனை நாளைக்கு எண்ணெய்த் துணியைக் காட்டிட்டு இருக்க முடியும்?”

“அவன் எதுன்னாலும் சரின்னான். கேட்டேல்ல?”

“கேட்டேன்.”

“அந்த ஆளு கரடிக்காகக் கேக்கல, லைல்.”

“கரடிக்காகவும் இருக்கலாம்ல?”

இருக்கலாம். அதுதான் சங்கடம். கொடுத்தால் ஒரு பயம், கொடுக்காவிட்டால் இன்னொரு பயம். நாங்கள் இரண்டு பேரும் சூப்பைச் சூடாக்கிக் குடித்துவிட்டுப் படுத்தோம்.

அந்த வாரமே கரடி வந்தது. கன்றுகளுக்கு மருந்து கொண்டுபோன நான் ஓடைப்பக்கத்து வேலிக்கு அருகே ஆரின் நின்றுகொண்டிருப்பதைப் பார்த்தேன். பக்கத்தில் வைக்கோல்மேல் ஒரு கன்று, பாதிதான் மிச்சம். ஈர மண்ணில் கால்தடம், என் இரண்டு உள்ளங்கையை வைத்தாலும் நிரம்பாது. அவன் நாய் ஜிக் வண்டிக்கு அடியில் படுத்திருந்தது, கூப்பிட்டும் வரவில்லை.

“எப்ப?” என்றேன்.

“விடியும்போது. இங்கதான் நின்னுச்சு.” ஒரு வண்டி நீளத் தூரத்தைக் காட்டினான்.

“நீ என்ன பண்ணினே?”

“நின்னேன்.”

“ஸ்ப்ரே?”

“பாக்கெட்லதான் இருந்துச்சு.” பாக்கெட்டைத் தட்டிக் காட்டினான். “எடுக்கத் தோணல, ட்ரூடி. அது என்னைப் பாத்துச்சு. நான் அதைப் பாத்தேன். சரி, வர்றதுன்னா வரட்டும்னு நின்னேன். அது கன்னுக்குட்டியை எடுத்துக்கிச்சு.”

குரலில் ஏற்ற இறக்கமே இல்லை. காலையில் என்ன சாப்பிட்டாய் என்றால் ரொட்டி என்பானே, அப்படிச் சொன்னான். நான் அவனை அறைந்திருப்பேன். கைக்குட்டையில் மூக்கைத் துடைத்துக்கொண்டு, மருந்தை எங்கே வைக்க என்று கேட்டேன்.

கடைக்கு வந்ததும் இதைச் சொன்னேன். யாரும் அதைப் பற்றி விளக்கமாகப் பேசவில்லை. வெர்ன் தொப்பியை எடுத்துப் போட்டுக்கொண்டு, “சும்மா உக்காந்திருக்கிறதுக்கு ஆரின் பண்ணையில போய் உக்காரலாமே” என்றான். அவ்வளவுதான் கூட்டம். மறுநாளிலிருந்து ஆளுக்கொரு பொழுது முறைவைத்துப் போனோம். அவனுக்குத் துப்பாக்கி கொடுக்க முடியாவிட்டால் துப்பாக்கியோடு ஒரு ஆள் பக்கத்தில் இருந்தால் போதும். கன்று போடுகிற காலத்தில் கூட ஒரு கை உதவி என்று சாக்கு. ஆரின் ஏன் என்று கேட்கவில்லை. வந்தவர்களுக்குக் காப்பி ஊற்றினான்.

என் முறை வந்தபோது எதை எடுத்துப் போவது என்று யோசித்தேன். லைலுடைய நாற்பத்திநாலு என் மணிக்கட்டுக்கு ஆகாது. இரும்புப் பெட்டியைத் திறந்து நாடீனின் ஐம்பத்தேழை எடுத்து மார்பில் கட்டிக்கொண்டேன். உறையில் இன்னும் மாவு இருந்தது. ஆரின் பார்த்தான். பார்வை அதன்மேல் கொஞ்ச நேரம் நின்றது. கையுறையை மாட்டிக்கொண்டான்.

மத்தியானத்துக்கு மேல் ஒரு கிடேரி படுத்து முக்க ஆரம்பித்தது. முதல் ஈற்று. கன்று கால் மடங்கிச் சிக்கியிருந்தது. ஆரின் சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டு ஈரத்தரையில் கவிழ்ந்து படுத்து, தோள்வரை கையை உள்ளே விட்டான். நான் கிடேரியின் தலைப்பக்கம் நின்றேன். காற்று மலையிலிருந்து அடித்தது. ஜிக் உறுமியது. நிமிர்ந்து பார்த்தேன்.

ஓடைப் புதரிலிருந்து வெளியே வந்து நின்றது. பழுப்பு, தோளில் திமில். காற்றில் மூக்கைத் தூக்கியது. எங்களுக்கும் அதற்கும் நடுவில் அந்தக் கிடேரியைத் தவிர எதுவும் இல்லை. ஆரினால் கையை எடுக்க முடியாது. கன்றின் கால் அவன் பிடியில் இருந்தது.

“ஆரின்” என்றேன்.

“பாத்தேன்.”

“போ! போ!” என்று கத்தினேன். அது தலையைத் தாழ்த்திக்கொண்டு நேராக வந்தது. நடையில்லை. ஓட்டம். நான் ரிவால்வரை எடுத்து அதற்கு முன்னால் மண்ணில் சுட்டேன். மண் தெறித்தது. கரடி சறுக்கி நின்றது. பக்கவாட்டில் திரும்பியது. என்னைப் பார்த்தது.

சுட்டாகிவிட்டது, இனிப் போய்விடும் என்று நின்றேன். அது போகவில்லை. மறுபடி தலையைத் தாழ்த்தியது. மறுபடி சுட வேண்டும் என்று எனக்குத் தெரிந்தது, கையை மட்டும் காணோம். விரல் விசைமேல் இருந்தது, என்னுடைய விரல் மாதிரியே இல்லை. பயம்கூட வரவில்லை. நவம்பரில் அந்தக் குழியோரம் நின்ற அதே மரத்துப்போன கால்களோடு நின்றேன். வர்றதுன்னா வரட்டும் என்று ஆரின் சொன்னானே, அது எப்படி இருக்கும் என்று எனக்கு அப்போது விளங்கிவிட்டது.

“ரெண்டாவது!” தரையிலிருந்து ஆரின் கத்தினான். மாதக்கணக்கில் கேட்காத குரல். “ரெண்டாவதைச் சுடுடீ! ட்ரூடி! ரெண்டாவது! ரெண்டாவது!”

சுட்டேன். ஐம்பத்தேழின் உதைக்குக் கை மேலே எகிறாமல் கீழேதான் இருந்தது, அதனால் உடனே சுட முடிந்தது. கரடியின் முன்னங்காலுக்குப் பக்கத்தில் கல் சிதறி அதன் மூஞ்சியில் அடித்தது. அது உறுமிக்கொண்டு திரும்பியது. ஓடையைத் தாண்டி, அக்கரை மேட்டில் ஏறி, மறைந்துபோனது. நான் துப்பாக்கியை நீட்டியபடியே நின்றேன்.

“அது போயிருச்சு. கையை இறக்கு. இறக்கிட்டு இங்க வந்து வாலைப் பிடி” என்றான் ஆரின். “உசுரோட இருக்கு, கன்னு. காலு வந்துருச்சு.”

வந்து பிடித்தேன். கன்று வழுக்கிக்கொண்டு வெளியே வந்து விழுந்தது. ஆரின் அதன் மூக்கைத் துடைத்து வைக்கோலால் தேய்த்தான். தேய்த்துக்கொண்டே என்னைத் திட்ட ஆரம்பித்தான்.

“எதுக்கு நின்னே? சுட்டுட்டு நின்னு வேடிக்கை பாக்கறதுக்கு அது என்ன சர்க்கஸா? ஒண்ணு சுட்டா போயிருமா? ஒண்ணு சுட்டா எந்தக் கரடி போயிருக்கு?”

“உன் பொண்டாட்டி பேச்சைப் பேசறே” என்றேன்.

அவன் கன்றைத் தேய்த்துக்கொண்டே இருந்தான். கன்று எழுந்து நின்ற பிறகும் தேய்த்தான். அவன் தோள் குலுங்கியது. நான் வேலிப்பக்கம் திரும்பிக்கொண்டேன். எனக்கும் அப்போதுதான் அழுகை வந்தது, நவம்பரில் வர வேண்டியது. அழுது முடித்துக் காப்பி குடித்தோம். ஆறிப்போயிருந்தது.

இரண்டு நாள் கழித்துக் கடைக்கு வந்தான். காப்பிக் கோஷ்டி இருந்தது. நேரே கல்லாவுக்கு வந்து, “அம்பத்தேழை எடு, ட்ரூடி” என்றான்.

வெர்ன் நாற்காலியோடு திரும்பினான். “என்னது? எங்க உன் நாப்பத்திநாலு? செத்தாலும் மாத்த மாட்டேன்னே?”

“உன்னை யாருடா கேட்டா? ட்ரூடி கையில நாப்பத்திநாலு இருந்திருந்தா ரெண்டாவது குண்டு வானத்துக்குத்தான் போயிருக்கும். நானும் கரடி வயித்துக்குப் போயிருப்பேன்.” வெர்ன் விடவில்லை. குண்டின் கனம், எலும்பு, கொழுப்பு என்று இழுத்தான். ஆரின் மறுத்தான். ஐம்பத்தேழுக்குச் சரியான தோட்டா எது, தட்டை மூக்குக் கடினக் குண்டு போடாமல் வேறெதையாவது போடுகிறவன் எப்பேர்ப்பட்ட மடையன் என்று விரல்விட்டுச் சொன்னான். குரல் கொஞ்சம் கொஞ்சமாக ஏறியது. அப்புறம் அடுப்புப் பக்கம் காலியாக இருந்த நாற்காலியைப் பார்த்து நிறுத்திக்கொண்டான்.

“முப்பது வருஷம் சொன்னா. நான் சரின்னு ஒரு தடவை சொல்லியிருக்கலாம்” என்றான்.

நான் அவனைக் கிடங்குக்குள் கூப்பிட்டேன். விதைமூட்டைகளுக்கு நடுவில் நின்றோம். சுற்றி வளைக்க எனக்கு வராது.

“நேராவே கேக்கறேன், ஆரின். உன்னை நீயே ஏதாவது பண்ணிக்க நினைக்கிறியா?”

அவன் கோபித்துக்கொள்ளவில்லை. பதில் தேடுகிறவன் மாதிரி சாக்குத் தையலை நகத்தால் நெருடினான்.

“குளிர்காலத்துல கேட்டிருந்தா இல்லேன்னு பொய் சொல்லியிருப்பேன்” என்றான். “அடக்கத்தன்னைக்கு லைல் வரலைன்னா நானே எடுத்துட்டு வந்து கொடுத்திருப்பேனோ என்னமோ. அந்த மாவு டப்பா விஷயம் அவனுக்குத் தெரியாது, நானாத்தானே சொன்னேன், பாரு. அப்புறம் துப்பாக்கி கேக்க வந்தேன்ல, அன்னைக்குக் கரடிக்குத்தான் கேட்டேனான்னு எனக்கே தெரியல. அவன் துடைச்சு முடியலன்னான். வீட்டுக்குப் போற வழியெல்லாம் நிம்மதியா இருந்துச்சு.”

“இப்ப?”

“இப்ப கரடிக்குத்தான். அது மறுபடி வரும்.” சாக்கிலிருந்து கையை எடுத்தான். “மத்த நினைப்பு எப்பவாச்சும் வருது. தினமும் இல்ல.”

நான் இரும்புப் பெட்டியைத் திறந்தேன். ஐம்பத்தேழைக் கொடுத்தேன். உறையைத் திருப்பிப் பார்த்து, மடிப்பில் ஒட்டியிருந்த மாவைக் கட்டைவிரலால் தடவினான். தட்டிவிடவில்லை. மார்பில் மாட்டி வாரை இறுக்கினான். பக்கத்திலேயே கம்பளியில் சுற்றிய நாற்பத்திநாலு கிடந்தது. எண்ணெய் போட்டுப் பளபளவென்று, எப்போதோ துடைத்து முடித்தது. லைல் வந்து வாசலில் நின்றிருந்தான்.

“இதையும் எடுத்துட்டுப் போறியா, ஆரின்?” என்று கேட்டான்.

ஆரின் கம்பளியின் ஓரத்தைத் தூக்கிப் பார்த்தான். பெருமையாக வாங்கி, முப்பது வருஷம் கட்சி கட்டிய துப்பாக்கி. மறுபடி மூடினான். மூடின இடத்தில் உள்ளங்கையை வைத்து லேசாக அழுத்தினான்.

“அதை இன்னும் சரியாத் துடைக்கல நீ” என்றான் லைலிடம். “அவசரமில்ல. நல்லாத் துடை.”

தொப்பியைப் போட்டுக்கொண்டு கிளம்பினான். மாடு ஒன்று காலையிலிருந்து தனியாக நிற்கிறது, போய்ப் பார்க்க வேண்டும் என்றான்.